பின்னால ஆள் வச்சு தூரமா ஓட்ட எந்த மோட்டார் எடுக்கலாம்: முழுமையான வழிகாட்டி

மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல எங்க தோட்டத்துப் பக்கம் யாராவது பெரிய மோட்டார் சைக்கிள் எடுக்கப் போறேன்னு சொன்னா முதல் கேள்வியே எத்தன சிசின்னு தான் வரும், அப்புறம் என்ன கலர், அப்புறம் மாசம் எவ்வளவு கட்டணும். பின்னால உட்காரப் போறது மனைவியோ அம்மாவோ, அவங்க கடைப் பக்கமே வந்திருக்க மாட்டாங்க. மோட்டார் வீட்டுக்கு வந்து முதல் தடவ ஈப்போ கல்லுமலை கோயிலுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள முட்டி வலி, இடுப்பு வலி, அதோட பின்சீட் காலியாவே ஓடும்.

ரெண்டு பேர் போற மோட்டார பின்சீட்ல இருந்து முன்னாடி வந்து தேர்ந்தெடுக்கணும். சிசி, கலர் எல்லாம் கடைசில. கீழ இருக்கற வரிசைய மாத்தாம போங்க, ஏன்னா ஒவ்வொரு படியும் அடுத்த படில பாக்க வேண்டிய மோட்டார் எண்ணிக்கைய குறைச்சுக்கிட்டே வரும்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி கையில வேண்டியது: டெய்லர் வச்சிருக்கற மாதிரி ஒரு அளவு டேப், வீட்ல எடை பாக்குற மெஷின், உங்க லைசென்ஸ், ரெண்டு பேரோட ஹெல்மெட், வழக்கமா எடுத்துட்டுப் போற பை. இவ்வளவு தான்.

1. பின்னால உட்கார்றவங்கள முதல்ல உட்கார வச்சு பேசுங்க

யாரு உட்காரப் போறாங்க, எவ்வளவு உயரம், முட்டில பிரச்சனை இருக்கா, இடுப்புல ஆபரேஷன் எதுவும் பண்ணியிருக்காங்களா, காலத் தூக்கிப் போட்டு ஏற முடியுமா? இதெல்லாம் வெளிப்படையா கேக்கணும். நம்ம வீட்டுப் பெண்கள் நிறைய பேர் வலிய சொல்லாம சமாளிச்சுக்கிட்டே வருவாங்க, அதனால "உனக்கு ஓகேவா"ன்னு கேட்டா "ஓகே"ன்னு தான் பதில் வரும். அப்படி கேக்காதீங்க, "கடைசியா மோட்டார்ல போனப்போ இறங்கினதும் எங்க வலிச்சுது"ன்னு கேளுங்க, அப்ப தான் உண்மை வரும்.

அடுத்தது ஒரு அளவு எடுக்கணும். பாதம் தரையில தட்டையா படுற மாதிரி, முட்டி நேர் மடிப்புல இருக்கற மாதிரி ஒரு நாற்காலில அவங்கள உட்கார வைங்க. தொடைக்கு அடியில இருந்து குதிகால் வரைக்கும் டேப் வச்சு அளந்து எழுதி வைங்க. 5ஆவது படில இந்த எண் தான் பாதி வேலைய செய்யும்.

சின்னப் பிள்ளைங்கள ஏத்தறதா இருந்தா, ரெண்டு காலும் கால் வைக்கிற கம்பிய நல்லா எட்டணும். எட்டலன்னா தூரப் பயணம் இப்ப வேணாம், வளரட்டும்.

2. எந்த ரோடுன்னு எழுதுங்க

வருஷத்துக்கு ஒரு தடவ தாய்லாந்து போற கனவ வச்சு மோட்டார் எடுக்குறவங்கள நிறைய பாத்திருக்கேன், மத்த நாளெல்லாம் அதே மோட்டார் லயத்து வீட்ல இருந்து டவுன் பசார் வரைக்கும் தான் ஓடும். அடிக்கடி போற ரோடு எதுன்னு நேர்மையா எழுதுங்க.

எங்க பக்கத்து ஆளுங்களுக்கு மூணு வகை ரோடு. தோட்டத்துக்குள்ள செம்மண் ரோடு, மழை பேஞ்சா சேறு, வெயிலடிச்சா குழி, போதாததுக்கு செம்பனை லாரில இருந்து விழுந்த பழம். இதுக்கு பின்பக்க ஸ்பிரிங் நல்லா வேலை செய்யணும், அடிப்பகுதி தரையில இருந்து கொஞ்சம் உயரமா இருக்கணும். ரெண்டாவது, கோலகங்சார், ஈப்போ பக்கம் போற பழைய ரோடும் பிளஸ் ஹைவேயும். ஹைவேல வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர், அதுல ஓடுற லாரி கிளப்புற காத்துல பின்னால இருக்கறவங்க தலை ஆடாம இருக்கணும். மூணாவது மலை ரோடு: சிம்பாங் பூலாய் வழியா கேமரன் மலை, இல்ல தாப்பா வழியா ஏறுற வளைவு நிறைஞ்ச பழைய ரோடு, இல்லன்னா கெரிக்ல இருந்து ஜெலி வரைக்கும் கிட்டத்தட்ட 120 கிலோமீட்டர் கிழக்கு மேற்கு ஹைவே. கெரிக்ல டேங்கிய ரொப்பிட்டு தான் அதுல ஏறணும். அங்க யானை ரோட்ட கடக்கும், அதனால ரெண்டு பேரா போறப்போ இருட்டுறதுக்குள்ள தாண்டுற மாதிரி நேரம் பாத்துக் கிளம்புங்க.

எந்த ரோடு அதிகமோ அதுக்கு ஏத்த மோட்டார் தான் வேணும். மூணும் சமமா இருக்குன்னா நிமிர்ந்து உட்கார்ற அட்வெஞ்சர் வகை பக்கம் போங்க. ஹைவேயும் டவுனும் மட்டும்னா பெரிய ஸ்கூட்டரும் நல்லாவே செய்யும்.

3. லைசென்ஸ் எது வரைக்கும் விடுது

மலேசிய மோட்டார் லைசென்ஸ்ல பி2 வகை இருந்தா 250 சிசி வரைக்கும் ஓட்டலாம். பி1 இருந்தா 500 சிசி வரைக்கும். அதுக்கு மேல முழு பி வேணும். லைசென்ஸ்ல இல்லாத மோட்டார ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கைய விரிச்சிடும், பின்னால இருக்கறவங்க ஆஸ்பத்திரி செலவும் உங்க தலையில தான். "அப்புறமா லைசென்ஸ் எடுத்துக்கலாம்"னு முன்பணம் கட்டிட்டு வர்றது இங்க சகஜமா நடக்குது. பண்ணாதீங்க, லைசென்ஸ் முதல்ல.

4. எடை கணக்கு

யாரும் போடாத கணக்கு இது, ஆனா ரெண்டு பேர் பயணத்துல இதான் அஸ்திவாரம். ஓட்டுறவர் 82 கிலோ, பின்னால 66, ரெண்டு ஹெல்மெட் 3, பின்சீட்டுக்குப் பின்னால மாட்டுற சாமான் பாக்ஸும் அத தாங்குற ரேக்கும் 8, உள்ள போற சாமான் 10, மழைக்கோட்டு ஷூ எல்லாம் சேத்து 4ன்னு வைங்க. 173 கிலோ ஆச்சு. இப்ப மோட்டாரோட கையேட்டுல அதிகபட்ச சுமைன்னு ஒரு எண் இருக்கும், அதோட ஒப்பிடுங்க. கையேடு கடைல கேட்டா காட்டுவாங்க, கம்பெனி வெப்சைட்லயும் நிறைய மாடலுக்கு கிடைக்கும்.

உங்க கணக்கு அந்த எண்ணுக்குப் பக்கத்துல வந்தாலே அந்த மோட்டார விட்டுடுங்க. சுமை வரம்ப தாண்டினா பிரேக் பிடிக்க தூரம் கூடும், பின் டயர் சூடாகும், ஸ்பிரிங் ஒவ்வொரு குழிலயும் அடி வரைக்கும் போய் இடிக்கும், அந்த இடி நேரா பின்னால உட்கார்ந்திருக்கறவங்க முதுகெலும்புல தான் போய் விழும். கப்சாய்னு சொல்ற சின்ன மோட்டார், 150 சிசி ஸ்கூட்டர் எல்லாம் ஒரு ஆளுக்கு அருமையா ஓடும், ஆனா ரெண்டு பெரியவங்க, பாக்ஸ், துணிமணின்னு ஏத்தினா இந்தக் கணக்குல தான் மாட்டும்.

5. பின்சீட், கால் வைக்கிற இடம், பிடி

இங்க அவசரப்படாதீங்க, அரை நாள் போனாலும் பரவால்ல.

முதல்ல சீட்டோட சரிவு. பக்கத்துல நின்னு பாருங்க, பின்சீட் முன்னாடி பக்கமா சாயுதா? சாஞ்சா ஒவ்வொரு பிரேக்குக்கும் பின்னால இருக்கறவங்க வழுக்கி வந்து உங்க முதுகுல முட்டுவாங்க, அப்புறம் தொடைய இறுக்கிப் பிடிச்சு பின்னால தள்ளி உட்காருவாங்க, திரும்ப வழுக்குவாங்க. எங்க தோட்டத்துல ஒரு அக்கா புருஷனோட கேமரன் இறங்கி வந்தாங்க, வீட்டுக்கு வந்தப்போ ரெண்டு உள்ளங்கையும் செவந்து போயிருந்துச்சு, இறக்கம் முழுக்க டேங்கில கைய ஊன்றி தன்னைத் தானே தாங்கிக்கிட்டு வந்திருக்காங்க. மோட்டார்ல எந்தக் கோளாறும் கிடையாது, சீட் சரிவு மட்டும் தான். தட்டையான, இல்ல லேசா பின்பக்கம் சாஞ்ச சீட் தான் வேணும்.

அகலம். சீட்டோட பின் நுனி குறுகி வால் மாதிரி போச்சுன்னா அது ஷோவுக்குன்னு செஞ்சது, உட்கார இல்ல. பஞ்சு மெத்துன்னு இருந்தா நல்லதுன்னு நினைப்பாங்க, அதுவும் தப்பு. கட்ட விரலால அழுத்திப் பாருங்க, சுலபமா அடி வரைக்கும் போச்சுன்னா ஒரு மணி நேரத்துல பஞ்சு அமுங்கி அடிப்பலகை மேலயே உட்கார்ந்த மாதிரி ஆகிடும். கொஞ்சம் கெட்டியா அகலமா இருக்கறது தான் தூரத்துக்குத் தாங்கும்.

இப்ப டேப்ப எடுங்க. பின்சீட் விளிம்புல இருந்து பின்னால இருக்கற கால் கம்பி வரைக்கும் அளங்க. 1ஆவது படில எழுதி வச்ச எண்ணோட ஒப்பிடுங்க. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா முட்டி நிம்மதியா மடியும். மோட்டார் அளவு நாலு விரல் அகலத்துக்கு மேல குறைவா இருந்தா முட்டி இடுப்ப விட மேல போகும், அந்த மோட்டார் வேணாம், எவ்வளவு அழகா இருந்தாலும் சரி. ஸ்போர்ட் வகை மோட்டார் பெரும்பாலும் இங்கயே கழிஞ்சு போயிடும்.

கால் கம்பி பக்கத்துல சைலன்சர் எங்க போகுதுன்னும் பாருங்க. குதிகால் அதுல படுமா, சூட்டுக்கு மறைப்புத் தகடு இருக்கா? பெரிய ஸ்கூட்டர்ல இன்னொண்ணு கவனிக்கணும், நடு உடம்பு அகலமா இருக்கறதால குள்ளமானவங்களுக்கு கால் ரொம்ப விரிஞ்சு இடுப்பு மூட்டு வலிக்கும். இதுக்கு அளவு டேப் உதவாது, உட்கார்ந்து தான் பாக்கணும்.

பிடி. ரெண்டு பக்கமும் கை போய் இயல்பா பிடிக்கிற இடத்துல கெட்டியான கம்பி இருக்கணும். முதுகுக்குப் பின்னால கைய முறுக்கிப் பிடிக்கிற மாதிரி இருந்தா தோள்பட்ட வலி நிச்சயம்.

பாக்ஸ் மாட்டி அதுல முதுகு சாயுற மெத்தையும் வச்சா பாதி பயம் போயிடும், குறிப்பா வயசானவங்களுக்கு. ஆனா பாக்ஸ ரொம்ப முன்னாடி தள்ளி மாட்டினா உட்கார்ற இடத்தையே தின்னுடும். ரெண்டு பேரையும் உட்கார வச்சு, பாக்ஸ் முதுக லேசா தொடுற மாதிரி இடம் பாத்து அப்புறம் ரேக் மாட்டச் சொல்லுங்க.

6. இப்ப தான் எஞ்சின்

இது வரைக்கும் தாண்டி வந்த மோட்டார் ஒரு நாலு அஞ்சு தான் இருக்கும். இனி கேள்வி ஒண்ணே ஒண்ணு, ரெண்டு பேர ஏத்திக்கிட்டு மலை ஏறுறப்போவும் லாரிய முந்துறப்போவும் எஞ்சின் அலறாம இழுக்குமா?

பி2 லைசென்ஸ்ல பாத்தா யமஹா எக்ஸ்மேக்ஸ் 250, கவாசாகி வெர்சிஸ் எக்ஸ் 250 மாதிரி மோட்டார் பாக்கலாம். எக்ஸ்மேக்ஸ்ல சீட்டுக்கு அடியில ஹெல்மெட், மழைக்கோட்டு எல்லாம் போயிடும், கியர் மாத்துற குலுக்கல் கிடையாது, பின்னால இருக்கறவங்களுக்கு அது பெரிய நிம்மதி. சின்ன சக்கரம் தான் குறை, செம்மண் ரோட்டுக்கு ஆகாது. வெர்சிஸ் எக்ஸ்ல ரெட்டை சிலிண்டர், 17 லிட்டர் டேங்கி, குழி ரோடு தாங்கும், ஆனா ரெண்டு பேரோட மலை ஏறணும்னா கியர இறக்கி எஞ்சின நல்லா சுத்த விட்டு தான் ஓட்டணும். 250ல ஹைவேல 90, 95ன்னு சீரா போறது சுகம், 110ல பிடிச்சு வச்சா எஞ்சினுக்கு மிச்சம் எதுவும் இருக்காது, அவசரத்துக்கு முந்த முடியாது.

பி1 இருந்தா என் கருத்துல இதான் ரெண்டு பேருக்கு சரியான இடம். ஹோண்டா சிபி500எக்ஸ், அதுக்கு அடுத்து வந்த என்எக்ஸ்500, பெனெல்லி டிஆர்கே 502 எல்லாம் இந்த வகை. ஹோண்டா எடை கம்மி, 200 கிலோவுக்குள்ள, கையாள சுலபம். பெனெல்லில பின்சீட் அகலம், டேங்கி 20 லிட்டர், ஆனா மோட்டாரே ரொம்ப கனம், செம்மண்ல நின்னு திருப்புறப்போ அந்த கனம் தெரியும். மொடெனாஸ் டொமினார் 373 சிசி, விலை கம்மி, இழுவை நல்லா இருக்கு, பின்சீட் மட்டும் சுமார், உயரமானவங்கள உட்கார வச்சு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

முழு பி இருந்தா வெர்சிஸ் 650. 21 லிட்டர் டேங்கி, பின் ஸ்பிரிங்க கையாலயே திருகி இறுக்கலாம், இதோட அருமை அடுத்த படில புரியும். சீட் 840 மில்லிமீட்டர் கிட்ட உயரம், அதனால குள்ளமா இருக்கறவர் ரெண்டு பேர் எடையோட நிறுத்துறப்போ கால் எட்டுதான்னு பாத்தே ஆகணும்.

இதுக்கு மேல 1000 சிசி லிட்டர் மோட்டார் எல்லாம் எங்க ரோட்டுக்கு தேவையில்ல.

டேங்கி கணக்கும் இங்கயே போட்டுடுங்க. லிட்டருக்கு எத்தன கிலோமீட்டர்னு சொல்றாங்களோ அத டேங்கி அளவால பெருக்கி, ரெண்டு பேர் எடைக்கும் எதிர்க்காத்துக்கும்னு அஞ்சுல ஒரு பங்கு கழிச்சுடுங்க. மிச்சம் 220 கிலோமீட்டராவது வரணும்.

7. ஸ்பிரிங், பிரேக், டயர்

ஒரு ஆள் ஓட்டுறதுக்கு செட் பண்ணி வந்த மோட்டார்ல ரெண்டாவது ஆள் ஏறினா பின்பக்கம் அமுங்கும். முன்னாடி தூக்கும், ஹெட்லைட் மரத்தப் பாக்கும், வளைவுல மோட்டார் வெளிப்பக்கமா ஓடும். புதுசா ஓட்டுறவங்க "பொண்டாட்டி ஏறினா வண்டி திரும்ப மாட்டேங்குது"ன்னு சொல்றது இதனால தான், அவங்க மேல எந்தத் தப்பும் இல்ல. பின் ஸ்பிரிங்கோட இறுக்கத்த கூட்டினா சரியாகிடும். அதனால வாங்குறப்போவே கேளுங்க, எத்தன படி இருக்கு, ஸ்பேனர் வேணுமா, கையால முடியுமா. இறுக்கவே முடியாத ஸ்பிரிங் உள்ள மோட்டார ரெண்டு பேர் பயணத்துக்கு எடுக்காதீங்க.

பிரேக்ல ஏபிஎஸ், அதாவது அழுத்திப் பிடிச்சாலும் சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கிற அமைப்பு, கட்டாயம் வேணும். நம்ம ஊர்ல சாயந்தரம் ஆனா மழை, வழுக்குற வெள்ளக் கோடு, பின்னால ஆள். இதுல பேரம் பேச இடமில்ல.

டயர் காத்து ரெண்டு ஆளுக்கு வேற அளவு. பின்சக்கரத்துப் பக்கம் ஸ்டிக்கர்ல ரெண்டு வரியா போட்டிருப்பாங்க, இல்லன்னா கையேட்டுல இருக்கும். டயர் ஆறியிருக்கறப்போ, காலையில கிளம்புறதுக்கு முன்னாடி அடிங்க. ஓடி சூடான பிறகு பாத்தா எண் கூடுதலா தான் காட்டும், அத நம்பி காத்த குறைச்சீங்கன்னா ஆறினதும் கம்மியாகிடும்.

8. ரெண்டு பேரா போய் உட்கார்ந்து பாருங்க

கடைக்கு ரெண்டு பேரும் போங்க, ஹெல்மெட்டோட. அஞ்சு நிமிஷம் இல்ல, ஒரு இருபது நிமிஷம் உட்காரணும், முதலாளி முகம் சுளிச்சாலும் பரவால்ல, பணம் உங்களோடது. ஈப்போல சில பெரிய கடைல ஓட்டிப் பாக்க மோட்டார் வச்சிருப்பாங்க, முன்கூட்டியே கேட்டுட்டுப் போங்க. இல்லன்னா அதே மோட்டார் வச்சிருக்கற கூட்டாளிகிட்ட ஒரு மணி நேரம் கேளுங்க.

ஏறுற முறைய அங்கயே பழகுங்க. நீங்க முதல்ல ஏறி, ஸ்டாண்ட மடக்கி, ரெண்டு காலும் தரையில ஊன்றி, முன் பிரேக்க பிடிச்சு நில்லுங்க. தயார்னு சொன்ன பிறகு தான் அவங்க இடது பக்கமா உங்க தோள பிடிச்சு ஏறணும். சைடு ஸ்டாண்ட்ல நிக்கிறப்போவே ஏத்தினா ரெண்டு பேர் எடையும் அந்த ஒத்தக் கம்பில போகும். இப்படி நிக்கிறப்போ உங்க முட்டி நடுங்குதுன்னா, கால் நுனி மட்டும் தான் படுதுன்னா, அந்த மோட்டார் உங்களுக்கு உயரம். தனியா ஓட்டுறப்போ சமாளிச்ச கால் நுனி, ஆள் ஏறின எடையோட சேறு மேட்டுல தாங்காது.

ஓட்டிப் பாக்க விட்டா மூணு விஷயம் செய்யுங்க: ஸ்பீடு பம்ப் மேல மெதுவா ஏறி இறங்குங்க, கொஞ்சம் அழுத்தமா பிரேக் போடுங்க, 90ல ஓடி பின்னால இருக்கறவங்க ஹெல்மெட் காத்துல ஆடுதான்னு கேளுங்க. முன் கண்ணாடி சில மோட்டார்ல ஓட்டுறவருக்கு காத்த மறைச்சு நேரா பின்னால இருக்கறவங்க முகத்துல திருப்பி விடும். அது முன்னால இருக்கற உங்களுக்குத் தெரியவே தெரியாது.

சேலையோட ஒரு பக்கமா உட்கார்ந்து தூரம் போறத தயவுசெஞ்சு விட்டுடுங்க. முந்தானை செயின்லயோ சக்கரத்துலயோ சிக்கினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. பேன்ட் போட்டுட்டு போய் கோயில்ல மாத்திக்கலாம், பாக்ஸ் அதுக்குத் தானே இருக்கு.

9. மொத்த செலவு

மோட்டார் விலைய மட்டும் பாத்து கையெழுத்து போடுறது தான் பெரும்பாலும் நடக்குது. ரேக், பாக்ஸ், நல்ல ரெண்டாவது ஹெல்மெட், ரெண்டு மழைக்கோட்டு, இதெல்லாம் சேத்தா ஆயிரம் ரெண்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்) சுலபமா போகும். இத முதல்லயே ஒதுக்கி வைங்க. காசு பத்தலன்னா ஒரு படி கீழ இருக்கற மோட்டார எடுங்க, பின்னால இருக்கறவங்க ஹெல்மெட்ல மிச்சம் பிடிக்காதீங்க. மலேசிய தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கணும், தலைக்கு சரியா பொருந்தணும்.

ரோட்டேக்ஸ் 201ல இருந்து 250 சிசிக்கு 50 வெள்ளி, 500 வரைக்கும் 100, 800 வரைக்கும் 250. பிளஸ் ஹைவேல மோட்டாருக்கு டோல் இல்ல. இன்சூரன்ஸ் எடுக்குறப்போ பின்னால உட்கார்றவங்களுக்கு கவர் இருக்கான்னு ஏஜெண்ட்கிட்ட நேரா கேளுங்க, தானா இருக்கும்னு நம்பிடாதீங்க. இல்லன்னா அவங்க பேர்ல தனி விபத்து பாலிசி எடுத்துடுங்க.

செகண்ட் ஹேண்ட்னா பின் ஸ்பிரிங்ல எண்ணெய் கசியுதா, செயின், சக்கர பேரிங், பின்சீட் அடிச்சட்டத்துல வெல்டிங் பண்ணின தடம் இருக்கா, இத உங்களுக்குத் தெரிஞ்ச ஃபோர்மேன (மெக்கானிக்) வச்சு பாருங்க. பெரிய பாக்ஸ் மாட்டி அளவுக்கு மேல சுமை ஏத்தின மோட்டார்ல அந்த அடிச்சட்டம் தான் முதல்ல விரிசல் விடும். விக்கிறவர் கைல கிராண்ட் (மோட்டார் உரிமைப் பத்திரம்) இருக்கணும், சேசிஸ் நம்பர் ஒத்துப் போகணும், லோன் பாக்கி இருக்கக் கூடாது.

10. வாங்கின பிறகு

நேரா கெரிக் கிளம்பிடாதீங்க. முதல்ல கோலகங்சார் போய் ஒரு டீ குடிச்சுட்டு திரும்புங்க. அடுத்த வாரம் தைப்பிங் ஏரி. அப்புறம் மலை. ஒவ்வொரு தடவையும் இறங்கினதும் எங்க வலிச்சுதுன்னு கேட்டு ஒரே ஒரு மாத்தம் மட்டும் பண்ணுங்க, ஸ்பிரிங் ஒரு படி, இல்ல பாக்ஸ் ரெண்டு விரல் பின்னால. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னு தெரியாது.

கனமான சாமான சைடு பையில கீழ போடுங்க, மேல் பாக்ஸ்ல மழைக்கோட்டு, துணி மாதிரி லேசானது மட்டும். மேல் பாக்ஸ் பின்சக்கரத்துக்கும் பின்னால நிக்குது, அதுல கனம் ஏற ஏற முன்சக்கரம் லேசாகி கைப்பிடி ஆடும். எத்தன கிலோ தாங்கும்னு பாக்ஸ் உள்ளயே எழுதியிருக்கும், ரேக்குக்கு தனியா ஒரு எண் இருக்கும், ரெண்டுல எது கம்மியோ அது தான் கணக்கு.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ நிறுத்துங்க, உங்களுக்கு வேணாம்னாலும் நிறுத்துங்க, பின்னால இருக்கறவங்களுக்கு கால நீட்ட வேற வழி கிடையாது. மழை பிடிச்சா ஹைவே பாலத்துக்கு அடியில மோட்டாருக்குன்னு கட்டி விட்டிருக்கற ஒதுங்குமிடத்துல நில்லுங்க, ரோட்டு ஓரத்துல நின்னு கோட்டு மாட்டாதீங்க. முதல் ஐநூறு கிலோமீட்டர் ஓடினதும் ரேக் போல்ட் எல்லாத்தையும் ஒரு தடவ இறுக்கிடுங்க, செம்மண் ரோட்டு ஆட்டத்துல அதான் முதல்ல லூசாகும், அதோட செயின் தொய்வையும் கையேட்டுல போட்டிருக்கற அளவுக்கு சரி பாத்துக்கோங்க.